அறக்கட்டளையில் நிதியுதவித் திட்டம் தொடங்குவது எப்படி: அடிக்கடி வரும் கேள்விகள்

மற்ற அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கும் நிதியுதவித் திட்டம் தொடங்க நினைக்கும் அறக்கட்டளைக்காரர்களோடு பேசும்போதெல்லாம் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். பதில்களில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் கேட்டு வருபவரின் பக்கம் நின்றுதான் எழுதியிருக்கிறேன். கொடுப்பவருக்கு வசதியாகத் திட்டம் போட யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, அது தானாகவே நடந்துவிடும்.

பணம் இருக்கு, கொடுக்க மனசும் இருக்கு. கேட்டு வர்றவங்களுக்குக் கொடுத்துட்டுப் போகலாமே, திட்டம்னு தனியா எதுக்கு?

கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து யார் யாருக்குப் போயிருக்கிறது என்று கணக்கை எடுத்துப் பாருங்கள். டிரஸ்டிகளுக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். உங்கள் வாசலுக்கு வழி தெரியாத ஓர் அமைப்பு எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் உங்கள் கண்ணில் படவே படாது.

திட்டம் என்றவுடன் பெரிய அலுவலகம், மென்பொருள், பத்துப் பேர் ஊழியர்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். யாருக்குக் கொடுப்போம், எதற்குக் கொடுப்போம், எவ்வளவு, யார் முடிவெடுப்பார்கள், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வோம். இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருந்து, வெளியாள் ஒருவர் அதை எடுத்துப் படிக்க முடிந்தால் அதுவே திட்டம். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

நாங்களே நேரடியா வேலையில இறங்கலாமா, இல்ல மத்த அமைப்புகளுக்குக் கொடுக்கலாமா?

அந்த வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்பவர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள். யாருமே இல்லை, அல்லது உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத திறமை இருக்கிறது என்றால் நீங்களே செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யும் அறக்கட்டளைகளும் உண்டு. அதில் ஒரு சங்கடம், நீங்கள் நிதி கொடுக்கும் அமைப்புகளுக்கு நீங்களே போட்டியாளராகவும் ஆகிவிடுவீர்கள். விண்ணப்பத்தில் அவர்கள் எழுதிய யோசனை அடுத்த வருடம் உங்கள் சொந்தத் திட்டமாக வந்தால் அதன்பிறகு யாரும் உங்களிடம் மனம்விட்டு எழுத மாட்டார்கள்.

முதல்ல எதை முடிவு பண்ணணும்? தலைப்பா, தொகையா?

தலைப்பைத்தான். அதுவும் "கல்வி", "சுகாதாரம்" என்று எழுதி வைத்தால் அது தலைப்பே இல்லை, உலகத்தில் பாதிப் பேர் விண்ணப்பிப்பார்கள். "பள்ளியை இடையில் விட்ட பதின்ம வயதுப் பெண்கள் மறுபடி படிக்க வருவது" என்று எழுதினால், படிக்கிற அமைப்புக்கு இது நமக்கா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எதற்குக் கொடுக்க மாட்டோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கட்டடம் கட்டக் கொடுப்பதில்லை, ஒருநாள் நிகழ்ச்சிக்குக் கொடுப்பதில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது பெரிய உபகாரம். கிடைக்கவே கிடைக்காத ஒன்றுக்காக ஒரு வாரம் உட்கார்ந்து எழுதுவதிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுகிறீர்கள்.

அடுத்தது எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு. இங்கே எல்லோரும் செய்வது, இருக்கிற பணத்தை நிறையப் பேருக்குப் பிரித்து ஒரு வருடத்துக்குக் கொடுப்பது. ஒரு வருட நிதியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் ஆள் எடுப்பதிலும் இடம் பார்ப்பதிலும் போகும். கடைசி மூன்று மாதம் அடுத்த வருடச் சம்பளத்துக்கு வேறு யாரிடம் கேட்கலாம் என்று அலைவதில் போகும். நடுவில் மிஞ்சுவது ஆறு மாத வேலை. எண்ணிக்கையைக் குறைத்து மூன்று வருடத்துக்குக் கொடுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு எப்படிக் கணக்குப் போடறது?

முதலீடு செய்து வைத்திருக்கும் மூலநிதி இருக்கிறதா, வருடாவருடம் நன்கொடை வாங்கி அதிலிருந்து கொடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. மூலநிதி இருந்தால் நாட்டுச் சட்டம் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கலாம். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும், 1969-ல் வந்த வரிச் சட்டத்திலிருந்து கிளைத்த விதி இது. இந்தியாவில் கணக்கு வேறு மாதிரி, டிரஸ்டின் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவு செய்ய வேண்டும் என்பது வரிவிலக்குக்கான அடிப்படை, செய்ய முடியாததை ஒதுக்கி வைப்பதற்குத் தனி நடைமுறை உண்டு.

நன்கொடையை நம்பி நடப்பவர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கையில் வராத பணத்தை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வருடம் என்று மேலே சொன்னேன், அதற்கு அர்த்தம் மூன்று வருடப் பணமும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டாம் வருடம் நிச்சயமில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை நம்பி அங்கே ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்திருப்பார்.

யாருக்கு வேணா கொடுக்கலாமா? பதிவு இல்லாத குழு, தனிநபர், வெளிநாட்டு அமைப்பு?

இதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும், அதுவும் அடிக்கடி மாறும். எப்படிப்பட்ட தடைகள் இருக்கும் என்று காட்ட இரண்டு உதாரணம் மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020-ல் வந்த திருத்தம் முழுவதுமாகத் தடுத்துவிட்டது, வாங்கும் அமைப்பும் அதே சட்டத்தில் பதிவு பெற்றிருந்தாலும் கூடாது. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை தனிநபர்களுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுக்க வேண்டுமானால், தேர்வு செய்யும் முறைக்கு வரித் துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும்.

பதிவு இல்லாத சிறு குழுக்கள் விஷயத்தில் நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. பதிவுள்ள அமைப்பு ஒன்று பொறுப்பேற்று, பணத்தைத் தன் கணக்கில் வாங்கி, குழுவின் வேலைக்குச் செலவிட்டு, கணக்கும் காட்டும். உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் இது நல்ல ஏற்பாடு. அந்தப் பொறுப்பேற்கும் அமைப்புக்கும் அதற்கான செலவைக் கொடுங்கள், ஓசியில் செய்யச் சொல்லாதீர்கள்.

பொதுவா அறிவிப்பு விடலாமா, நாங்களே தேடிப் போய்க் கொடுக்கலாமா?

பொது அறிவிப்பு நியாயமாகத் தெரியும். முன்பின் தெரியாதவர்களும் வரலாம், அது உண்மையான பலம். ஆனால் எவ்வளவு பேர் வருவார்கள் என்று யோசிக்காமல் கதவைத் திறக்கக் கூடாது. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட்டின் யீல்டு கிவிங் அமைப்பு 2023-ல் முதல்முறையாகப் பொது அறிவிப்பு விட்டபோது 250 அமைப்புகளுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் என்று சொன்னார்கள். வந்தது 6,353 விண்ணப்பம். கடைசியில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 64 கோடி டாலர் என்று உயர்த்திக் கொடுத்தார்கள். அப்படியும் கிட்டத்தட்ட ஆறாயிரம் பேர் எழுதிய உழைப்புக்குப் பணம் வரவில்லை. அவ்வளவு உயர்த்திக் கொடுக்க உங்களால் முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: முதல் சுற்றில் அந்தத் துறையில் இருக்கும் பத்துப் பதினைந்து பேரிடம் பேசி, அவர்கள் சொல்லும் அமைப்புகளை நீங்களே போய்ப் பாருங்கள். அப்படிப் பேசும்போது உங்கள் தலைப்பே மாறிவிடலாம், அதுவும் நல்லதுதான். இரண்டாவது சுற்றிலிருந்து பொது அறிவிப்பு, ஆனால் முதலில் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கேட்டு, அதில் தேறியவர்களிடம் மட்டுமே முழு விண்ணப்பம் கேட்பது.

விண்ணப்பப் படிவத்துல என்னென்ன கேட்கணும்? யாராவது மாதிரிப் படிவம் இருந்தா அனுப்புங்க.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. மாதிரிப் படிவம் அனுப்பமாட்டேன், காரணம் இருக்கிறது. எல்லோரும் இன்னொருவரின் படிவத்தை எடுத்து அதில் தங்கள் கேள்வி நான்கைச் சேர்க்கிறார்கள், யாரும் எதையும் எடுப்பதில்லை. சில கைகள் மாறி வருவதற்குள் முப்பது கேள்வி ஆகிவிடுகிறது.

படிவத்தை எழுதுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். முப்பது கேள்விக்குப் பதில் எழுத, பட்ஜெட் போட, கையெழுத்து வாங்க, ஆவணம் ஸ்கேன் செய்ய ஓர் அமைப்புக்கு 30 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 பேர் விண்ணப்பித்தால் 6,000 மணி நேரம். ஒருவர் வருடம் முழுக்க வேலை செய்தால் சுமார் 2,000 மணி நேரம்தான், ஆக மூன்று பேரின் ஒரு வருட உழைப்பு உங்கள் படிவத்தை நிரப்புவதிலேயே போயிருக்கிறது. அதில் பத்துப் பேருக்குத்தான் பணம் கிடைக்கப்போகிறது. அந்த மூன்று பேரின் சம்பளத்தையும் நீங்கள் கொடுக்கப்போகும் மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிறிய திட்டங்களில் உதவியைவிட அதைக் கேட்கும் செலவு கூடுதலாக இருப்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள். அந்தச் செலவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் வராது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

எனவே ஒவ்வொரு கேள்வியிடமும் ஒன்று கேளுங்கள்: இதற்கு வரும் பதிலால் நம் முடிவு மாறுமா? "உங்கள் அமைப்பின் தொலைநோக்கு, இலட்சியம், விழுமியங்கள் பற்றி 500 சொற்களில்" என்ற கேள்விக்கு வரும் பதிலால் யாருடைய முடிவும் மாறி நான் பார்த்ததில்லை. அதையே "சென்ற வருடம் நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள், அதில் எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை?" என்று கேளுங்கள், வேலை செய்பவருக்கும் எழுத மட்டும் தெரிந்தவருக்கும் வித்தியாசம் அரைப் பக்கத்தில் தெரியும். பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, வங்கி விவரம் எல்லாம் தேர்வானவர்களிடம் மட்டும் கேட்டால் போதும். வேறோர் அறக்கட்டளைக்கு எழுதிய விண்ணப்பத்தை அப்படியே அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லுங்கள். எழுத வராதவர்கள் தொலைபேசியில் பேசட்டும், உங்கள் ஆள் குறிப்பெடுத்துக்கொள்ளட்டும். விண்ணப்பம் எந்த மொழியில் இருக்கலாம் என்பதையும் பரந்த மனதோடு முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தேர்ந்தெடுப்பது நல்ல வேலையை அல்ல, நல்ல மொழிநடையை.

யார் தேர்வு பண்ணணும்? டிரஸ்டிங்களே உட்கார்ந்து பண்ணிடலாம்ல?

இறுதிக் கையெழுத்து டிரஸ்டிகளுடையதுதான், சட்டப் பொறுப்பு அவர்களுக்கு. ஆனால் விண்ணப்பத்தைப் படித்துப் பரிந்துரைக்க மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட தனிக் குழு வையுங்கள். அதில் அந்தப் பிரச்சினையை வாழ்ந்து பார்த்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டத்தில் ஒரு மாற்றுத்திறனாளிகூடக் குழுவில் இல்லை என்றால் அந்தத் திட்டத்தை எப்படி நம்புவது? ஒருவரை மட்டும் போடாதீர்கள், தனி ஆளாக உட்கார்ந்து மற்ற நால்வரோடு வாதாடுவது கஷ்டம். இவர்களின் நேரத்துக்கும் பணம் கொடுங்கள்.

விண்ணப்பதாரர்களே ஒருவர் விண்ணப்பத்தை ஒருவர் மதிப்பிடும் முறையும் இருக்கிறது, மேலே சொன்ன யீல்டு கிவிங்கில் முதல் சுற்று அப்படித்தான் நடந்தது, பிறகு வெளி நிபுணர் குழு பார்த்தது. ஆயிரக்கணக்கில் வரும்போது அது உதவும். இருபது முப்பது விண்ணப்பத்துக்கு வேண்டாம், எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள்.

எங்க டிரஸ்டி ஒருத்தர் விண்ணப்பிச்ச அமைப்போட போர்டிலயும் இருக்கார். அவர் வெளியே போயிட்டா சரிதானே?

வெளியே போக வேண்டும், அது குறைந்தபட்சம். ஆனால் அதோடு சரியாகிவிடாது. ஸ்வீடனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிதி கொடுத்த விதத்தை வென்னராஸ், வோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1997-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். பெண் விண்ணப்பதாரர் ஆணுக்குச் சமமான மதிப்பெண் வாங்க அவரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது என்பது அதில் பிரபலமான பகுதி. அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்றும் அதில் இருக்கிறது. குழு உறுப்பினரோடு தொடர்புள்ள விண்ணப்பதாரருக்கு அந்த உறுப்பினர் மதிப்பெண் போடக்கூடாது என்று விதி இருந்தது, அதன்படி அவர் விலகியும் இருந்தார், ஆனால் மீதி உறுப்பினர்கள் போட்ட மதிப்பெண்ணே கூடுதலாக இருந்தது.

நம் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதனால் தொடர்புள்ளவர் அந்த ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும் வெளியே போவதைவிட அந்தச் சுற்று முழுவதிலும் இல்லாமல் இருப்பது நல்லது. டிரஸ்டியின் குடும்பத்தாரோ அவர் சம்பளம் வாங்கும் அமைப்போ என்றால் விண்ணப்பமே ஏற்பதில்லை என்று விதி வையுங்கள். பல நாடுகளில் இப்படிக் கொடுப்பது வரிவிலக்கையே பாதிக்கும்.

மார்க் போட்டுப் பார்த்தா 72, 71, 71, 70னு வருது. எட்டாவது ஆளுக்கும் பதினைஞ்சாவது ஆளுக்கும் வித்தியாசமே தெரியல. என்ன பண்றது?

வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் வித்தியாசம் இல்லை என்பதுதான். மேலே சில விண்ணப்பங்கள் எல்லோருக்கும் பிடிக்கும், கீழே சிலவற்றை எல்லோரும் ஒதுக்குவார்கள். நடுவில் இருக்கிற கூட்டத்தில் ஒரு மதிப்பெண் கூடக் குறைய வருவது அன்றைக்கு யார் முதலில் பேசினார், எது மதியத்துக்கு மேல் வந்தது என்பதைப் பொறுத்து மாறும். அந்த இடத்தில் குலுக்கல் போடுங்கள். சொன்னவுடன் டிரஸ்டிகள் அதிர்ச்சி அடைவார்கள், ஆனால் இது புதிய யோசனை அல்ல. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-லேயே ஒருவகை நிதியைத் தகுதி பார்த்தபின் குலுக்கலில் கொடுக்கத் தொடங்கியது, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை 2017-ல் இதைத் தொடங்கியது, பிரிட்டிஷ் அகாடமி 2022-ல்.

இரண்டு நிபந்தனை. குலுக்கலுக்கு முன் ஒவ்வொன்றும் தகுதியானதுதான் என்று குழு ஏற்றிருக்க வேண்டும். அப்புறம், குலுக்கல் உண்டு என்பதை அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். கிடைக்காதவருக்கும் இது ஒருவிதத்தில் மரியாதை: உங்கள் வேலையில் குறையில்லை, சீட்டு விழவில்லை என்று உண்மையைச் சொல்ல முடிகிறது.

நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் அனுமதிக்கலாம்? எங்க டிரஸ்டிங்க ஜீரோன்னு சொல்றாங்க, "பணம் முழுக்க மக்களுக்குப் போகணும்"னு.

நல்ல எண்ணம்தான், ஆனால் நடப்பது வேறு. வாடகை, மின்கட்டணம், கணக்கர் சம்பளம், தணிக்கை, கணினி இதெல்லாம் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. நீங்கள் கொடுக்காவிட்டால் அந்த அமைப்பு வேறு எங்கிருந்தோ எடுக்கும், அல்லது கணக்கரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, அப்புறம் உங்களுக்குத் தாறுமாறான கணக்கை அனுப்பும், அல்லது அந்தச் செலவை வேறு பெயரில் பட்ஜெட்டில் ஒளித்து வைக்கும். மூன்றாவதுதான் அதிகம். நிர்வாகச் செலவே இல்லை என்று எழுதும் அமைப்பை நல்ல அமைப்பு என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கும் அறக்கட்டளை, பொய் சொல்வதற்குப் பரிசு கொடுக்கிறது.

உண்மையில் எவ்வளவு ஆகும்? தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பேன் நிறுவனம் அமெரிக்காவில் 20 தொண்டு நிறுவனங்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டதில், மறைமுகச் செலவு, அதாவது வாடகை, கணக்கர் சம்பளம் போன்றவை, நேரடிச் செலவில் 21 முதல் 89 சதவீதம் வரை இருந்தது, நடுமதிப்பு 40. வேலையைப் பொறுத்து இவ்வளவு மாறும். ஃபோர்டு அறக்கட்டளை தன் விகிதத்தை 10 சதவீதத்திலிருந்து 20 ஆகவும் பிறகு 25 ஆகவும் உயர்த்தியது, அமெரிக்க மத்திய அரசு தனி விகிதம் நிர்ணயிக்கப்படாத அமைப்புகளுக்குக் கொடுத்துவந்த 10 சதவீதத்தை 2024 அக்டோபரில் 15 ஆக்கியது. சட்டம் ஒரு வரம்பு வைத்திருந்தால் அதற்குள்தான் நிற்க முடியும், இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைக்கு 20 சதவீதம் என்பது போல. வரம்பு இல்லையென்றால் சதவீதத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, உங்கள் உண்மையான செலவு என்ன என்று அமைப்பையே கேளுங்கள்.

பெரிய நன்கொடையாளர் ஒருத்தர், தான் சொல்ற அமைப்புக்குத்தான் போகணும்னு சொல்றார். அவரைப் பகைச்சுக்கவும் முடியாது.

அவர் பணம், அவர் விருப்பம் இருக்கலாம். அந்த அமைப்பு சட்டப்படி தகுதியானதா என்று பார்த்து, டிரஸ்டிகள் ஒப்புக்கொண்டால், அதைத் தனியாக ஒதுக்கிய நிதி என்று வெளிப்படையாகக் கணக்கில் காட்டிக் கொடுத்துவிடுங்கள். போட்டித் திட்டத்துக்குள் கொண்டுவந்து நுழைக்க மட்டும் வேண்டாம். ஜெயிக்கப்போவது யார் என்று தெரிந்துகொண்டே அறிவிப்பு விட்டு மற்ற நாற்பது பேரை விண்ணப்பம் எழுத வைப்பது அக்கிரமம். மேலே போட்ட மணிக்கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

கிடைக்காதவங்களுக்குக் காரணம் சொல்லணுமா? சொன்னா சண்டைக்கு வர்றாங்க.

சொல்ல வேண்டும், சொன்ன தேதிக்குள் சொல்ல வேண்டும். பதிலே அனுப்பாமல் விடுவதுதான் மிக மோசம். அந்த அமைப்பு உங்கள் பணம் வரலாம் என்று ஒருவரின் வேலை நியமனத்தை நிறுத்தி வைத்திருக்கும். ஒரு பக்கக் குறிப்பிலேயே நின்றவர்களுக்கு இரண்டு வரி போதும். முழு விண்ணப்பம் எழுதியவர்களுக்கு அவர்களைப் பற்றிய காரணம் வேண்டும். இப்படி:

"உங்கள் விண்ணப்பத்தை நான்கு பேர் படித்தார்கள். பெண்களை வகுப்புக்கு அழைத்துவரும் முறை எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டு பயிற்சியாளர்களை வைத்து ஐந்து இடங்களில் தினமும் வகுப்பு எப்படி நடக்கும் என்பது எங்களுக்குப் புரியவில்லை, அதனால் இந்தச் சுற்றில் தேர்வாகவில்லை. அடுத்த சுற்றுக்கு மறுபடி அனுப்பலாம், அதற்குமுன் பேச விரும்பினால் கூப்பிடுங்கள்."

சண்டைக்கு வருபவர்கள் சிலர் இருப்பார்கள். "போட்டி கடுமையாக இருந்தது" என்று எழுதினாலும் அவர்கள் வரத்தான் செய்வார்கள். அடுத்த முறையும் வாய்ப்பே இல்லை என்றால் "மறுபடி அனுப்பலாம்" என்ற வரியைப் போடாதீர்கள்.

பணத்தை மொத்தமா கொடுக்கலாமா, தவணையா? செலவு பண்ணிட்டு பில் காட்டினா கொடுக்கறோம்னு சொல்லலாமா?

பில் காட்டினால் கொடுப்போம் என்பது சிறிய அமைப்புகளை வாசலிலேயே நிறுத்திவிடும். முன்பணம் போட வசதியிருந்தால் அவர்கள் உங்களிடம் ஏன் வரப்போகிறார்கள்? சிறு தொகை என்றால் மொத்தமாகக் கொடுங்கள். பெரிய தொகை என்றால் வருடத்துக்கு ஒரு தவணை, வருடத் தொடக்கத்தில். சம்பளத் தேதி உங்கள் கமிட்டி கூடும் தேதிக்காகக் காத்திருக்காது.

ஒப்பந்தம் நான்கைந்து பக்கத்துக்குள், படித்தால் புரியும் மொழியில் இருக்கட்டும். எதற்குப் பணம், எப்போது வரும், என்ன அறிக்கை, பட்ஜெட்டில் எவ்வளவு மாற்றத்தை அவர்களே செய்துகொள்ளலாம், எதற்கு உங்களைக் கேட்க வேண்டும், மீதி இருந்தால் என்ன செய்வது, எந்த நிலையில் நிறுத்துவீர்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பத்து சதவீதம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தாலே பாதிக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

ரிப்போர்ட் எத்தனை தடவை கேட்கலாம்?

வருடத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குபவர்களிடம் நான் கேட்பது: போன அறிக்கையை உங்களில் யார் படித்தது? படித்து என்ன செய்தீர்கள்? பெரும்பாலும் பதில் இருக்காது. விண்ணப்பக் கேள்விகளுக்குச் சொன்ன அதே சோதனையை அறிக்கைக் கேள்விகளுக்கும் வையுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் சேர்ந்து, அறிக்கைகளைத் தள்ளிவைக்கிறோம், நிபந்தனைகளைத் தளர்த்துகிறோம் என்று கையெழுத்துப் போட்டன. அவசரத்தில் தளர்த்த முடிந்த நிபந்தனை மற்ற நாட்களில் எதற்கு இருந்தது என்று உங்கள் பட்டியலைப் பார்த்து நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்.

எழுத்துக்குப் பதில் ஒருமணி நேரம் பேசுவது பலமுறை மேலானது. நேரில் போனால் உங்களுக்காக விழா ஏற்பாடு செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளை மாலையோடு நிற்க வைக்காதீர்கள்.

கொடுத்த பணத்தை வேற எதுக்கோ செலவு பண்ணிட்டாங்க. திருப்பிக் கேட்கலாமா?

முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள், கடிதம் அனுப்பாமல் தொலைபேசியில். வெள்ளம் வந்தது, வகுப்பு நடக்கவில்லை, அதே ஆட்களை நிவாரணத்துக்கு அனுப்பினார்கள் என்றால் அது நல்ல முடிவு, உங்களிடம் முன்பே சொல்லாததுதான் குறை. எழுத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, அடுத்த முறை முதலிலேயே கூப்பிடச் சொல்லுங்கள். கணக்கு வைக்கத் தெரியாமல் குழம்பியிருந்தால் ஒரு கணக்கரை அனுப்பி ஒழுங்குபடுத்தக் காசு கொடுங்கள், நிர்வாகச் செலவு பற்றிச் சொன்னதன் மறுபக்கம் இது.

பணத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றால் அது வேறு. அடுத்த தவணையை நிறுத்துங்கள், அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள், தேவையானால் புகார் கொடுங்கள். உங்களிடம் உண்மையைச் சொன்ன ஊழியரின் பெயர் எங்கேயும் வெளிவராமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. இந்த ஒரு சம்பவத்தைக் காட்டி மற்ற எல்லா அமைப்புகளுக்கும் பத்துப் புது விதி போடுவது வேண்டாம்.

ஒரே அமைப்புக்கு எத்தனை வருஷம் கொடுக்கலாம்? நம்மையே நம்பி இருந்துடுவாங்களே?

சம்பளம் வாங்குபவர் மாதாமாதம் அதை நம்பித்தான் இருக்கிறார், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வேலை நன்றாக நடக்கிறது, பிரச்சினை தீரவில்லை என்றால் பத்து வருடம்கூடக் கொடுக்கலாம். கவனிக்க வேண்டியது உங்கள் பங்கு எவ்வளவு என்பதை. அவர்கள் மொத்தச் செலவில் பாதிக்குமேல் உங்கள் பணமாக இருந்தால், உங்கள் கமிட்டியில் ஒருவர் மனம் மாறினாலே அங்கே ஆட்கள் வேலை இழப்பார்கள். அப்படியானால் வேறு நிதியாளர்களிடம் நீங்களே அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள். "சொந்தக் காலில் நில்லுங்கள்" என்று அறிவுரை மட்டும் சொல்வதில் பயனில்லை, ஆதரவற்றவர்களுக்கு இலவசமாகச் செய்யும் வேலையில் லாபம் எங்கிருந்து வரும்?

இந்தத் திட்டத்தையே நிறுத்தலாம்னு இருக்கோம். எப்படிச் சொல்றது?

முடிவெடுத்த அன்றே சொல்லுங்கள், கடைசித் தவணையோடு சேர்த்து அல்ல. அட்லாண்டிக் ஃபிலாந்த்ரபீஸ் என்ற அறக்கட்டளை, நிறுவனர் சக் ஃபீனி உயிரோடு இருக்கும்போதே தன் மூலநிதி முழுவதையும் கொடுத்துத் தீர்ப்பது என்று முடிவெடுத்து, அதைப் பல வருடம் முன்பே அறிவித்து, 2016-ல் கடைசி நிதிகளை ஒதுக்கி, 2020-ல் கதவை மூடியது. அவ்வளவு நீண்ட அவகாசம் உங்களால் தர முடியாமல் போகலாம். ஆனால் ஒரு முழு நிதியாண்டுக்குக் குறையாமல் கொடுங்கள், ஏனென்றால் வேறோர் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்துப் பதில் வாங்கிப் பணம் கையில் வருவதற்கு அநேகமாக அவ்வளவு ஆகிவிடும்.

கடைசி நிதியை எந்த நிபந்தனையும் இல்லாத பொதுநிதியாகக் கொடுங்கள், அலுவலக வாடகைக்கோ சம்பளத்துக்கோ அவர்கள் விருப்பப்படி. நிறுத்துவதற்கான காரணம் உங்களுடையது, அவர்கள் வேலையில் குறையில்லை என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள். அடுத்த நிதியாளர் அவர்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வியே "முன்பு கொடுத்தவர்கள் ஏன் நிறுத்தினார்கள்?" என்பதுதான், அப்போது எடுத்துக் காட்ட அந்தக் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.